முதற் சம்பளமும் உத்தம ஆர்ஜவமும்

தசலட்சணப் பெருவிழாவின் மூன்றாம் நாள் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்

 

தசலட்சண பருவத்தின் மூன்றாம் நாள் உத்தம ஆர்ஜவத்திற்கு உரியது. முதல் நாள் பொறை, இரண்டாம் நாள் பணிவு, மூன்றாம் நாள் நேர்மை. ஆர்ஜவம் என்ற சொல்லுக்கு வளைவின்மை என்பது பொருள். நினைப்பும் சொல்லும் செயலும் ஒரே கோட்டில் நிற்பதே அது. வழக்கமாக இந்நாளில் கடைத்தெருவின் தராசு பற்றியும் வட்டிக்கணக்கு பற்றியும் பேசுவர். இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. பாத்ரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் இப்பருவம் தொடங்குகிறது. பொறியியல் கல்லூரிகளிலும் கலைக் கல்லூரிகளிலும் இறுதியாண்டு மாணவர்க்கு வேலைக்கான வளாகத் தேர்வுகள் மும்முரமாவதும் ஏறத்தாழ இதே வாரங்களில்தான். காலையில் அபிஷேகம் கண்டு, நண்பகலில் ஒருபொழுது உண்டு, பிற்பகலில் கணினியின் முன் அமர்ந்து நேர்முகத் தேர்வுக்கு விடை சொல்லும் பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படும் கடைசிக் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?"

நான்கு ஆண்டுகள் படித்த பிள்ளை அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் தடுமாறுகிறது. வீட்டிலோ, பாடசாலையிலோ, கல்லூரியிலோ அதற்கான விடையை எவரும் சொல்லித் தந்ததில்லை. "உங்கள் நிறுவனத்தின் விதிப்படி எதுவாயினும் சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறது.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களே தமிழ்ச் சமணரில் மிகுதி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டையை இறக்கிய தந்தை, ஈரப்பதம் பார்த்து, அன்றைய விலை விசாரித்து, மூட்டைக்கு இருபது ரூபாய் கூட்டித் தரும்படி வியாபாரியிடம் நின்று பேசுவார். அதனை எவரும் பேராசை என்பதில்லை. அதே தந்தை மகனின் உழைப்புக்கு விலை பேசுவதென்றால் கூசுகிறார். "கொடுப்பதை வாங்கிக்கொள்; வாய் திறந்து கேட்பது நம் குலத்துக்கு அழகன்று" என்கிறார். இந்தக் கூச்சத்திற்கு அவர் அறத்தின் பெயரைச் சூட்டுகிறார். மிகுபொருள் விரும்பாமை என்ற ஐந்தாம் விரதத்தைத் துணைக்கு அழைக்கிறார். இங்கேதான் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது.

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்தாம் அணுவிரதத்திற்குப் பரிக்கிரக பரிமாணம் என்று பெயர். பரிமாணம் என்பது அளவு. ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இதற்கு இச்சா பரிமாணம் என்று இன்னொரு பெயரும் தருகிறார். அதாவது இச்சைக்கு அளவு. நிலம், பொன், தானியம், பணம் ஆகியவற்றில் இவ்வளவே தனக்கு என்று இல்லறத்தான் தானே கோடு கிழித்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதில் ஆசை வைக்காதிருப்பதே இவ்விரதம். அந்தக் கோட்டைக் கிழிப்பவன் விரதம் ஏற்றவன். வேலைக்கு அமர்த்துகிறவர் அவனுக்காக அதனைக் கிழிப்பதற்கில்லை. ஒருவன் தன் உழைப்புக்கு உரிய கூலியைப் பெற்று, தான் வரைந்த அளவுக்கு மேற்பட்டதை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்திற்குச் செலுத்துவானாயின் விரதம் நிறைவேறுகிறது. உரிய கூலியைக் கேளாமலே விட்டுவிட்டால் அந்தத் தொகை தானமாகவும் ஆவதில்லை. நிறுவனத்தின் கணக்கில் மிச்சமாக நிற்கிறது. இதனை அபரிக்கிரகம் என்று சொல்லிக்கொள்வது விரதத்திற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாம் நாள் போற்றப்பட்ட பணிவையும் சிலர் இதற்குத் துணையாக்குவர். பணிவு மானத்தை, அதாவது செருக்கை, வெல்வது. ஆர்ஜவம் மாயையை வெல்வது. வினையைக் கட்டும் நான்கு கஷாயங்களில் சினம், செருக்கு, உலோபம் ஆகிய மூன்றும் பிறர் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். மாயை மட்டும் மறைந்தே இருக்கும். பல வேளைகளில் பணிவின் ஆடையை உடுத்தியிருக்கும். சம்பளப் பேச்சில் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஓர் இளைஞன் மாதம் பதினெட்டாயிரம் என்றதும் மனத்துக்குள் குமுறுகிறான். வாயால் "மகிழ்ச்சி, சார்" என்கிறான். சேர்ந்த நாள் முதல் அரை மனத்தோடு வேலை செய்கிறான். அலுவலக நேரத்தில் வேறு வேலை தேடுகிறான். மூன்றாம் மாதம் காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லிவிட்டு மற்றொரு நிறுவனத்தின் நேர்முகத்திற்குச் செல்கிறான். நான்காம் மாதம் சொல்லாமலே நின்றுவிடுகிறான். இந்த நான்கு மாதமும் அவன் சொல்லும் செயலும் நினைப்பும் ஒரே கோட்டில் இருந்தனவா? முதல் நாளே "சார், இருபத்திரண்டாயிரம் எதிர்பார்த்தேன், அதற்குக் காரணம் இவை" என்று சொல்லியிருந்தால், கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் வளைவு நேர்ந்திராது.

ஆகவே கேட்பது ஆர்ஜவத்தோடு முரண்படுவதில்லை. எவ்வாறு கேட்பது என்பதில்தான் விரதங்களின் வேலை தொடங்குகிறது.

வேலை தேடும் இளைஞரிடையே ஒரு தந்திரம் பரவியிருக்கிறது. வேறொரு நிறுவனம் இதைவிட அதிகம் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்று கூறிவிடுவது. அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே இல்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, கணினியில் போலியாக ஒரு பணிநியமனக் கடிதத்தையே உருவாக்கிக் காட்டுகின்றனர். செய்யாத பயிற்சிக்குச் சான்றிதழ் வாங்குகின்றனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் வாய்மை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை: பொய்ப் பத்திரம் எழுதுதல். ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் வகுத்த விதி இன்றைய போலிக் கடிதத்திற்கும் அப்படியே பொருந்துகிறது. உலக நோக்கிலும் இது அறிவீனம். பெரும்பாலான நிறுவனங்கள் தனி முகமைகளைக் கொண்டு சான்றிதழ்களைச் சரிபார்க்கின்றன. ஓராண்டு கழித்துப் பொய் வெளிப்பட்டாலும் வேலை போகும்.

இதற்குச் சற்று நுட்பமான வினா ஒன்றும் உண்டு. முப்பதாயிரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, முப்பத்தைந்தாயிரம் என்று கூட்டிச் சொல்லலாமா? சந்தையில் ஐந்நூறு என்று சொல்லி முந்நூற்றைம்பதுக்குக் கொடுப்பதைப் போன்றதுதானே இது? பாடசாலை மாணவர் கேட்கும் கேள்வி இது. தட்டிக் கழிக்கக் கூடாது. "முப்பத்தைந்தாயிரம் எதிர்பார்க்கிறேன்" என்பது விருப்பத்தைச் சொல்லும் சொல். அந்த விருப்பம் உண்மையிலேயே இருந்து, அதற்குக் காரணமும் காட்ட முடியுமானால் அதில் பொய் இல்லை. "முப்பத்தைந்தாயிரத்திற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முப்பதாயிரத்திற்கு வரும் எண்ணத்தோடு இருப்பது பொய். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சொல்லளவு போலத் தோன்றும். மனத்தளவில் அது வெகு தூரம். அதுபோலவே, கேளாததைச் சொல்லாதிருப்பது பொய்யாகாது. வீட்டுக் கடன், தந்தையின் உடல்நிலை, வேறெங்கும் வேலை கிடைக்காத நிலை ஆகியவற்றை எதிரில் இருப்பவரிடம் ஒப்பிக்கக் கடமையில்லை. உண்மையே ஆனாலும் பிறர்க்குத் துன்பம் விளைப்பதைச் சொல்லாதிருத்தலையும் சமந்தபத்திரர் வாய்மை விரதத்தினுள் அடக்குகிறார். வாய்மை விரதம் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும் விரதமன்று என்பது அதனால் தெளிவு.

உண்மையாகக் கேட்க வேண்டுமெனில் முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். இங்கே பிள்ளைகளைவிடப் பெற்றோரே அதிகம் ஏமாறுகின்றனர். ஆண்டுக்கு நான்கு லட்சத்து இருபதாயிரம் என்று கடிதம் வந்தால், பன்னிரண்டால் வகுத்து, மாதம் முப்பத்தைந்தாயிரம் என்று உறவினரிடமெல்லாம் சொல்லிவிடுகின்றனர். அந்தத் தொகை சி.டி.சி. எனப்படுவது, நிறுவனம் அந்தப் பணியாளருக்காக ஓராண்டில் செலவிடும் மொத்தம். கைக்கு வருவது வேறு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். மொத்தம் ரூ.4,20,000. இதில் அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.15,000 என்று கொள்க. நிறுவனம் கட்டும் பி.எஃப். அடிப்படையில் 12 விழுக்காடு, மாதம் ரூ.1,800, ஆண்டுக்கு ரூ.21,600. பணிக்கொடைக்காக ஒதுக்குவது அடிப்படையில் 4.81 விழுக்காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.8,650. ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்திற்கு இருபத்தாறு வேலைநாள் என்ற கணக்கில் பிறந்த எண் அது. நிரந்தரப் பணியாளர் அதனைப் பெறுவதற்குப் பொதுவாக ஐந்தாண்டு பணி முடிந்திருக்க வேண்டும். இரண்டாண்டில் வேலை மாறுகிறவருக்கு அது காகிதத்தில் மட்டுமே இருக்கும். மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ரூ.6,000 என்க. பத்து விழுக்காடு, அதாவது ரூ.42,000, மாறுபடும் ஊதியம். நிறுவனத்தின் ஆதாயத்தையும் பணியாளரின் மதிப்பீட்டையும் பொறுத்து ஆண்டிறுதியில் வரும், குறைந்தும் வரலாம். இவற்றையெல்லாம் கழித்தால் மாதம் ரூ.28,500 அளவில் நிற்கிறது. அதிலிருந்து பணியாளர் தம் பங்காகக் கட்டும் பி.எஃப். ரூ.1,800 போகும். தொழில்வரி சிறிது போகும். வங்கிக் கணக்கில் விழுவது சுமார் ரூ.26,500. முப்பத்தைந்தாயிரத்திற்கும் இதற்கும் இடையே எட்டாயிரத்து ஐந்நூறு. இதில் மோசடி ஏதும் இல்லை. எல்லாம் கடிதத்தின் பின்னிணைப்பில் அச்சிட்டே இருக்கிறது. படிப்பார் இல்லை.

இதனால்தான் இரண்டு நிறுவனங்களின் கடிதங்களை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை ஒப்பிடக் கூடாது. நான்கு லட்சம் என்பதில் மாறுபடும் பகுதி இல்லாவிட்டால், அது நான்கரை லட்சத்தைவிட மேலானதாக இருக்கலாம். "மாதந்தோறும் கைக்கு எவ்வளவு வரும்? மாறுபடும் பகுதி சென்ற ஆண்டு எத்தனை விழுக்காடு கொடுக்கப்பட்டது?" என்று கேட்பது பேரம் ஆகாது. அது தெரிந்துகொள்ளும் உரிமை.

எங்கே கேட்டால் பயன் உண்டு, எங்கே இல்லை என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். பெரிய கணினி நிறுவனங்கள் ஒரே நாளில் ஒரே கல்லூரியில் நூறு பேரை எடுக்கும்போது, எல்லாருக்கும் ஒரே தொகை. அங்கே ஒருவர் தனித்துக் கேட்டுப் பெறுவது ஏறத்தாழ இயலாது. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடக்கநிலைச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றுவிட்டது என்பது அத்துறையினர் எல்லாரும் அறிந்த செய்தி. விலைவாசி அப்படி நிற்கவில்லை. அங்கே உயர்வுக்கு வழி, அதே நிறுவனம் நடத்தும் மேல்நிலைத் தேர்வை எழுதி உயர்ந்த படியில் சேர்வதுதான். அதற்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். நடுத்தர நிறுவனங்கள், தணிக்கையாளர் அலுவலகங்கள், மருத்துவமனைகள், தனியார் பள்ளிகள், புதிதாகத் தொடங்கிய சிறு நிறுவனங்கள் ஆகியவற்றிலோ பேச இடம் உண்டு. அங்கே முதல் தொகை பெரும்பாலும் இறுதித் தொகையாக இருப்பதில்லை.

பணத்தைத் தவிரக் கேட்க வேண்டியவையும் உண்டு. தமிழ்ச் சமணப் பிள்ளைகள் இவற்றைக் கேளாமல் விட்டுப் பின்னால் வருந்துகின்றனர். இரவுப் பணி உண்டா என்பது முதற் கேள்வி. இருள் சூழ்வதற்கு முன் உண்ணும் நோன்புடைய குடும்பத்துப் பெண், மாலை நான்கு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும் பணியில் சேர்ந்துவிட்டு, அதன்பின் உணவுக்காகத் தவிக்கிறாள். "மாலை ஐந்தரை மணிக்கு இருபது நிமிடம் உணவு இடைவேளை வேண்டும்" என்று சேருமுன்பே கேட்டால் எந்த மேலாளரும் பெரிதும் மறுப்பதில்லை. சேர்ந்த பின் கேட்டால் சலுகை கேட்பதாகத் தோன்றும். பருவ நாட்களில் விடுப்பு எடுக்க முடியுமா, பணி எந்த ஊரில், சேரும் நாளைத் தேர்வு முடிவுக்குப் பின் தள்ளலாமா என்பனவும் அப்படியே. இறைச்சி, தோல், மது ஆகிய தொழில்களைச் சார்ந்த நிறுவனமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சம்பளம் பேசி முடித்த பின் மனச்சான்று விழிப்பது இரு சாராருக்கும் இழப்பு.

இனி ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். வந்தவாசிக்கு அருகே ஓர் ஊர். மூன்று ஏக்கர் நிலம். ஐந்து லட்ச ரூபாய் கல்விக் கடன் வாங்கிப் படித்த மகள். பத்து விழுக்காடு வட்டியில் ஏழாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ ரூ.8,300 கட்ட வேண்டும். சென்னையில் ஒரு நடுத்தர நிறுவனம் ஆண்டுக்கு மூன்று லட்சம் என்கிறது. கைக்கு வருவது ரூ.21,500. மகளிர் விடுதிக்கு எட்டாயிரம், பேருந்துக்கும் ரயிலுக்கும் ஆயிரத்து ஐந்நூறு, கடனுக்கு எட்டாயிரத்து முந்நூறு. எஞ்சுவது ரூ.3,700. அதில் உடை, மருந்து, ஊருக்கு வந்து போகும் செலவு, தம்பியின் படிப்பு.

"கொடுப்பதை வாங்கிக்கொள், அம்மா. முதல் வேலை. நீ ஏதாவது கேட்டு, அவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்டால் என்ன செய்வது?" என்கிறார் தந்தை.

"அப்பா, நெல்லுக்கு நீங்கள் ஒரு விலை சொல்வதில்லையா? சொன்னதற்காக வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டா போய்விடுகிறார்?"

"அது நெல்."

"விலை பேச நெல்லுக்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே. எனக்கு நான்தானே பேச வேண்டும்?"

தாய் இடையில் நுழைந்து, "கேட்கட்டுமே. மரியாதையாகக் கேட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள்?" என்கிறாள். இத்தகைய வீடுகளில் இறுதித் தீர்ப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

மகள் அன்றே விடை எழுதிவிடாமல் இரண்டு நாள் அவகாசம் கேட்கிறாள். அதே வேலையில் இருக்கும் சீனியர் மாணவியர் மூவரிடம் விசாரிக்கிறாள். மூன்று லட்சத்திலிருந்து மூன்று லட்சத்து எழுபதாயிரம் வரை என்று தெரிகிறது. பிறகு எச்.ஆர். அலுவலரிடம் பேசுகிறாள்: "மேடம், உங்கள் நிறுவனத்தில் சேர எனக்கு விருப்பம். இந்தப் பணிக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் எதிர்பார்த்தேன். இந்த மென்பொருளில் ஆறு மாதப் பயிற்சி முடித்திருக்கிறேன்; ஆகையால் எனக்கு மீண்டும் பயிற்சி தர வேண்டியிருக்காது. பரிசீலிக்க முடியுமா?" அவ்வளவே. கடனைச் சொல்லவில்லை, கண் கலங்கவில்லை, இல்லாத வேறு நிறுவனத்தைச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் நிறுத்திவிட்டாள். பேசி முடித்த பின் வாய் திறவாமல் இருப்பதே இதில் கடினமான பகுதி. பலர் அந்த ஒரு நிமிட அமைதியைத் தாங்காமல், "பரவாயில்லை மேடம், மூன்று லட்சமே போதும்" என்று தாமே கீழே இறங்கிவிடுகின்றனர்.

நிறுவனம் மூன்று லட்சத்து இருபத்துநாலாயிரத்திற்கு ஒப்புகிறது. ஆறு மாதத்தில் மதிப்பிட்டு மீண்டும் பார்ப்போம் என்கிறது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. காகிதத்தில் மாதம் இரண்டாயிரம் கூடியது. ஆறு மாத மதிப்பீடு பற்றிய அந்தச் சொல்லை மின்னஞ்சலில் எழுதித் தரும்படி வேண்டுகிறாள். வாய்ச்சொல் தந்த அலுவலர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்திற்குப் போய்விடலாம் அல்லவா?

தொடக்கத்தில் கூடும் சிறு தொகை சிறிதாகவே நின்றுவிடுவதில்லை. ஆண்டு உயர்வுகள் விழுக்காட்டில் வருகின்றன. 3,60,000இல் தொடங்கியவரும் 3,90,000இல் தொடங்கியவரும் ஆண்டுதோறும் எட்டு விழுக்காடு உயர்வு பெற்றால், பத்தாண்டில் இருவர்க்கும் இடையே சேரும் வேறுபாடு நான்கு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. மேற்சொன்ன கல்விக் கடனின் அசலில் பெரும்பகுதி அது.

மகளைக் காட்டிப் பேசியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் லிண்டா பாப்காக், சாரா லாஷெவர் என்பவரோடு சேர்ந்து 2003இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு வருகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் முடித்து வேலைக்குச் சென்றோரில், தொடக்கச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்ட ஆண்கள் 57 விழுக்காடு. பெண்கள் 7 விழுக்காடு. அந்த நாட்டிலேயே அப்படியென்றால், "பெண் பிள்ளை அதிகம் பேசலாகாது" என்று வளர்க்கும் வீடுகளில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று பிணைப் பத்திரம். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இவையெல்லாம் செல்லாது என்று இளைஞர் சிலர் அலட்சியமாகப் பேசுகின்றனர். அது சரியன்று. ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்ச ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எழுதிய தொகை முழுவதும் எல்லா வழக்கிலும் அப்படியே வசூலாகும் என்பதும் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீட்டையே பேசுகிறது. ஆயினும், கையெழுத்து இட்டபின் சட்டத்தில் சந்து தேடுவது ஆர்ஜவம் ஆகுமா? தொகை மிகுதி என்று தோன்றினால் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னர்தான். அசல் சான்றிதழ்களைக் கேட்கும் நிறுவனத்திடம் நகலே தருவதாகச் சொல்ல வேண்டும்; அசலைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இடத்தில் வேறு பலவும் பிடித்துவைக்கப்படும்.

இதுவரை பின்வரிசைக்கே சொல்லப்பட்டது. முன்வரிசையில் அரிசி ஆலை, துணிக்கடை, பள்ளி, கணினி நிறுவனம் ஆகியவற்றை நடத்தும் பெருமக்கள் அமர்ந்திருக்கின்றனர். சிராவகாசாரம் அவர்களைப் பார்த்தே அதிகம் பேசுகிறது. கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களில் ஒன்று அதிபாராரோபணம்: தாங்க இயலாத சுமையை ஏற்றுதல். மற்றொன்று அன்னபான நிரோதம்: உணவையும் நீரையும் தடுத்தல். இவை வண்டி மாட்டையும் ஏவலாளரையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பன்னிரண்டு மணிநேர வேலையும், மாதம் பதினைந்தாம் நாள் வரை இழுத்தடிக்கும் சம்பளமும் இவற்றில் எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்பதை அவரவர் எண்ணிக்கொள்ளலாம். அளவு கடந்து சுமை சுமத்துவதைச் சமந்தபத்திரர் ஐந்தாம் விரதத்தின் அதிசாரங்களிலும் வைக்கிறார். சுமத்துகிறவரின் இச்சை அளவு கடந்ததனால்தான் சுமையும் அளவு கடக்கிறது என்பது அவர் கண்ட தொடர்பு போலும்.

கள்ளாமை விரதத்திற்கு வந்தால், ஹீனாதிக மானோன்மானம் என்றொரு அதிசாரம். கொடுக்கும்போது குறைந்த அளவையும், வாங்கும்போது மிகுந்த அளவையும் பயன்படுத்துவது. எள்ளும் நெல்லும் அளந்த மரக்கால் இன்று மனித உழைப்பையும் அளக்கிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்பதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதனைத் தொடர்கிறது. இரு மரக்கால் வைத்திருப்பது பிழை என்று அவற்றிற்கெல்லாம் பல நூற்றாண்டு முன்னரே விரத நூல்கள் சொல்லிவிட்டன.

ஆர்ஜவ நாளில் முதலாளிமார்க்கு உரிய சோதனை நேர்முக அறையில் வருகிறது. ஒரு பணிக்கு மாதம் இருபதாயிரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்த பெண் உள்ளே வருகிறாள். தேர்வில் எல்லாரையும்விட நன்றாக விடை எழுதியிருக்கிறாள். எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால், தயங்கித் தயங்கி, "பன்னிரண்டாயிரம் கொடுத்தால் போதும், சார்" என்கிறாள். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்க்கு மாதம் எட்டாயிரம் மிச்சம், ஆண்டுக்குத் தொண்ணூற்றாறாயிரம். அவர் பொய் ஏதும் சொல்லவில்லை. அவள் கேட்டதைத்தான் கொடுக்கிறார். சட்டப்படி குறையொன்றும் காண முடியாமல் போகலாம். அந்த நொடியில், "இந்தப் பணிக்கு இருபதாயிரம் வைத்திருக்கிறோம், அம்மா, அதையே எழுதிக்கொள்" என்று சொல்லும் சிராவகர் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது அவரவர் கடையின் சம்பளப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது.